இஞ்சிக் குடும்பத் தாவரங்கள்: வேர் என்பது வேரா?

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் ஆகிய பாடங்களுக்குரிய வழிகாட்டிக் குறிப்பு



தடிமன், காய்ச்சல் என்றால் எங்கள் வீடுகளில் அம்மம்மா முதலில் செய்வது மல்லித்தண்ணி வைப்பதே. வறுத்த மல்லியுடன் ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு அவித்து வடித்துத் தருவார். வேர்க்கொம்பு என்பது உலர்த்திய இஞ்சி. இதனைச் சுக்கு என்றும் கூறுவர்.

இந்தப் பெயரை ஒருமுறை உற்றுநோக்குங்கள். அதில் "வேர்" என்னும் சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இஞ்சிக்கு வழங்கும் பெயர்கள் "இஞ்சி வேர்" என்ற பழைய திராவிடச் சொல்லிலிருந்து பிறந்தவை என்று மொழியியலாளர் கூறுவர். அச்சொல் பாளி, கிரேக்கம், இலத்தீன் வழியாக மேற்கே சென்றது. இஞ்சியின் விஞ்ஞானப் பெயரான "சிஞ்ஜிபர் ஒபிசினேல்" என்பதன் முதற்பகுதியும் அதே சொல்லின் வடிவமே. எம்மவர் சொல் உலகெங்கும் சென்றது பெருமைக்குரியதுதான். ஆனால் "இஞ்சியில் நாம் உண்ணும் பகுதி யாது?" என்ற வினாவுக்கு "வேர்" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. ஏனெனில் அது தண்டு.

இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாக விளங்கிக்கொண்டால் இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் இனப்பெருக்கம், செய்கை, நோய், பதப்படுத்தல் என்பன பற்றிய வினாக்களுக்கு மனனம் செய்யாமலே விடை எழுதலாம்.

1. குடும்பத்தின் அறிமுகம்

இஞ்சி, மஞ்சள், ஏலம், அரத்தை என்பன "சிஞ்ஜிபெரேசியே" எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 50 சாதிகளும் 1,300 இற்கு மேற்பட்ட இனங்களும் உள்ளன. பெரும்பாலானவை ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளுக்குரியவை. எல்லாம் ஒருவித்திலையிகள். எல்லாம் பல்லாண்டு வாழும் பூண்டுகள். இலை, தண்டு, கிழங்கு ஆகியவற்றை நசுக்கினால் மணம் வீசும். ஆவிப்பறப்புள்ள எண்ணெய் இழையங்களில் இருப்பதே இதற்குக் காரணமாகும்.

வாழையும் கல்வாழையும் இவற்றுக்கு உறவான தாவரங்கள். அவை ஒரே வருணத்தைச் சேர்ந்தவை, ஆனால் வேறு குடும்பங்கள். இதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. மூன்று மயக்கங்கள்

இக்குடும்பத் தாவரங்களில் கண்ணுக்குத் தோன்றுவது ஒன்று, உண்மை வேறொன்று. பிழை விடப்படும் இடங்கள் மூன்று.

(அ) வேர் போலத் தோன்றுவது தண்டு

மண்ணுக்குள் கிடையாக வளரும் இப்பகுதி வேர்த்தண்டுக்கிழங்கு எனப்படும். அது தண்டு என்பதற்கான சான்றுகள் நான்கு:

- கணுக்களும் கணுவிடைகளும் உண்டு. (இஞ்சியைச் சுற்றி வளையம் போலத் தெரியும் கோடுகளே கணுக்கள்.)
- கணுக்களில் செதிலிலைகள் உண்டு.
- செதிலிலைகளின் கக்கங்களில் அரும்புகள் உண்டு.
- நுனியில் முனையரும்பு உண்டு.

வேருக்கு இவை எவையும் இல்லை. வேர்த்தண்டுக்கிழங்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து நூல் போல வெளிவருபவையே உண்மையான வேர்கள்.

(ஆ) தண்டு போலத் தோன்றுவது இலை

மண்ணுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பச்சைப் பகுதியைத் தண்டு என்று நினைக்கிறோம். அதன் பெரும்பகுதி இலைமடல்கள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி உருவானது. இது போலித்தண்டு எனப்படும். வாழையிலும் இவ்வாறே. வாழை மடலை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

(இ) இதழ் போலத் தோன்றுவது இதழன்று

மஞ்சட் செடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிர்பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்புமாக அடுக்கடுக்காகத் தெரிபவை பூவடியிலைகள். உண்மையான மஞ்சள் நிறப் பூக்கள் அவற்றின் இடுக்குகளில் சிறிதாக இருக்கும். பூவினுள்ளும் ஒரு மயக்கம் உண்டு. உதடு போல விரிந்திருக்கும் பெரிய பகுதி அல்லியிதழ் அன்று. அது மலட்டுக் கேசரங்கள் திரிபடைந்து இணைந்து உருவானது. இக்குடும்பப் பூக்களில் மகரந்தம் தரும் கேசரம் ஒன்றே ஒன்றுதான்.

செய்கை 1: சந்தையில் வாங்கிய இஞ்சித் துண்டொன்றையும் வற்றாளங்கிழங்கு ஒன்றையும் அருகருகே வைத்து அவதானிக்குக. இஞ்சியில் கணுக்களையும் அரும்புகளையும் இனங்காண்க. வற்றாளங்கிழங்கில் கணுக்கள் உண்டா எனத் தேடுக. வற்றாளங்கிழங்கு உணவு சேமித்த வேர் என்பதையும் இஞ்சி உணவு சேமித்த தண்டு என்பதையும் உங்கள் குறிப்பில் எழுதி, படம் வரைந்து பெயரிடுக.

ஒப்பிட்டு நினைவில் வைத்திருக்க:
இஞ்சி, மஞ்சள் - வேர்த்தண்டுக்கிழங்கு (தண்டு)
உருளைக்கிழங்கு - முகிழ் (தண்டு)
வெங்காயம் - குமிழ் (உணவைச் சேமிப்பது இலை)
வற்றாளை, மரவள்ளி - சேமிப்பு வேர்

3. உணவுக்கும் மருந்துக்கும் உதவுபவை

இஞ்சி: பயன்படும் பகுதி வேர்த்தண்டுக்கிழங்கு. பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரோல் என்னும் பதார்த்தம். உலர்த்தும்போது ஜிஞ்சரோலின் ஒரு பகுதி நீரை இழந்து சோகயோல் என்னும் பதார்த்தமாக மாறுகின்றது. இதன் உறைப்பு மேலும் கூடியது. வேர்க்கொம்பு சிறு துண்டாயினும் தொண்டையில் எரிவதற்குக் காரணம் இதுவே.

மஞ்சள்: விஞ்ஞானப் பெயர் குர்குமா லோங்கா. பயன்படும் பகுதி வேர்த்தண்டுக்கிழங்கு. மஞ்சள் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்னும் நிறப்பொருள்.

அரத்தை: பேரரத்தை, சிற்றரத்தை என இரு வகையாக வழங்கும். இருமலுக்கான மருந்துகளிலும் பத்தியக் கறிக்கான சரக்கிலும் இடம்பெறும். பயன்படும் பகுதி வேர்த்தண்டுக்கிழங்கு.

ஏலம்: இங்குதான் பரீட்சையில் பலர் தவறுவர். ஏலத்தில் நாம் பயன்படுத்துவது வேர்த்தண்டுக்கிழங்கு அன்று. பழமும் அதனுள் உள்ள வித்துகளும் ஆகும். ஏலம் குளிர்ந்த, ஈரமான, நிழலுள்ள மலைநாட்டுப் பயிர். இலங்கையில் கண்டி, மாத்தளை போன்ற மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் வளர்கின்றது. குடாநாட்டின் காலநிலை அதற்கு ஏற்றதன்று.

கவனிக்க: கஸ்தூரி மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு, கச்சோலம் என்ற பெயர்களும் இக்குடும்பத் தாவரங்களுக்கு வழங்குகின்றன. ஆனால் ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு தாவரங்களைக் குறிக்கலாம். சிற்றரத்தை என்ற பெயரிலும் இரு வேறு இனங்கள் விற்கப்படுகின்றன. தாவரங்களுக்கு விஞ்ஞானப் பெயர் ஏன் அவசியம் என்ற வினாவுக்கு இது நல்ல உதாரணம்.

4. அலங்காரத்துக்கு வளர்க்கப்படுபவை

செவ்விஞ்சி: பசுபிக் தீவுகளைத் தாயகமாகக் கொண்டது. சிவந்த பகுதி முழுவதும் பூவடியிலைகளே. உண்மையான பூ சிறியது, வெண்மையானது. பூவடியிலைகளின் இடுக்குகளில் சிறு நாற்றுகள் தோன்றும். அவற்றைப் பிரித்து நட்டுப் புதிய தாவரங்களைப் பெறலாம்.

வெள்ளை இஞ்சிப்பூ: வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவமும் மிகுந்த நறுமணமும் உடையது. கியூபாவின் தேசிய மலர் இதுவே. ஆனால் ஹவாய்த் தீவுகளில் இது காடுகளுக்குள் பரவி உள்நாட்டுத் தாவரங்களை நெருக்கும் ஆக்கிரமிப்புத் தாவரமாகிவிட்டது. அழகிற்காகக் கொண்டுவரப்படும் தாவரம் சூழலுக்குச் சுமையாகலாம் என்பதற்கு இதனை எழுதலாம்.

தீப்பந்த இஞ்சி: தீப்பந்தம் போல உயர்ந்த காம்பில் பூக்கும். இதனை அலங்காரத் தாவரம் என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மலேசியாவில் இதன் மொட்டை அரிந்து லக்சா போன்ற உணவுகளில் சேர்ப்பர்.

இத்தாவரங்களுக்கு ஈரலிப்பும் நிழலும் தேவை. வைகாசி முதல் வீசும் சோளகக் காற்றில் இலைகள் கிழிந்து காயும். எனவே குடாநாட்டில் கிணற்றடி, வாழைப்பாத்தி, மதிலோரம் போன்ற மறைவான இடங்களே இவற்றுக்கு ஏற்றவை.

5. எமது மரபில் இஞ்சியும் மஞ்சளும்

தைப்பொங்கலன்று பொங்கற் பானையின் கழுத்தில் இஞ்சி இலையையும் மஞ்சள் இலையையும் கட்டுவர். மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையாராக வணங்குவர். புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவிய பின்னரே உடுப்பர். சித்திரைப் புத்தாண்டில் தலையில் வைத்து நீராடும் மருத்துநீரில் பூக்கள், இலைகளுடன் மஞ்சள், மிளகு, சுக்கு என்பனவும் சேரும். பிள்ளை பெற்ற தாய்க்கு வைக்கும் சரக்குக் கறியிலும் வேர்க்கொம்பும் மஞ்சளும் உண்டு.

சித்த மருத்துவத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம் எனப்படும். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடைய பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இம்மரபின் பழமையைக் காட்டுவன. இன்றும் கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது.

மரபை மதிப்பது போலவே அதன் எல்லையையும் அறிய வேண்டும். குமட்டலைத் தணிக்க இஞ்சி உதவும் என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு சான்று உண்டு. மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம் தரும். உடலுக்கு நீரும் சேரும். ஆனால் மாரி காலத்தில் குடாநாட்டில் பரவும் டெங்குக் காய்ச்சலை அது மாற்றாது. காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் மல்லித்தண்ணியுடன் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

6. குடாநாட்டில் இஞ்சி, மஞ்சள் செய்கை

இங்கே எல்லாம் "அது தண்டு" என்ற உண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

நடுகைப் பொருள்: தண்டில் அரும்பு உண்டு. எனவே ஒரு துண்டிலிருந்து ஒரு தாவரம் உருவாகும். இது பதியமுறை இனப்பெருக்கம். ஒன்று அல்லது இரண்டு நல்ல அரும்புகள் உள்ளதாக, 25 முதல் 50 கிராம் வரையான துண்டுகளைத் தெரிவு செய்ய வேண்டும். அரும்பில்லாத துண்டு எவ்வளவு பெரிதாயினும் முளைக்காது. மஞ்சள் பொதுவாக வித்து உண்டாக்காது. இஞ்சியும் மிக அரிதாகவே வித்துத் தரும். எனவே விவசாயிக்கு இதைவிட வேறு இலகுவான வழியில்லை.

நன்மை, தீமை: துண்டிலிருந்து வரும் தாவரம் தாய்த் தாவரத்தை ஒத்திருக்கும். இது நன்மை. தாயிலிருந்த நோயும் துண்டுடன் கூடவே வரும். இது தீமை. வேர்த்தண்டுக்கிழங்கு அழுகல் நோய் இவ்வாறே தோட்டத்துக்குத் தோட்டம் பரவுகின்றது. ஆகவே நோயற்ற தோட்டத்திலிருந்து மட்டும் நடுகைப் பொருள் எடுக்க வேண்டும்.

மண்: உரும்பிராய், சுன்னாகம் போன்ற வலிகாமப் பகுதிகளின் செம்மண் நீர் நன்கு வடிவது. இது இப்பயிர்களுக்குச் சாதகமானது. ஆயினும் எமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒன்றாகக் கொட்டுகின்றது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். எனவே மேட்டுப்பாத்தி அமைத்து வடிகாலும் வெட்ட வேண்டும். கடலோரக் கிணறுகளின் உவர் நீர் இவற்றுக்கு ஏற்றதன்று.

நடுதல்: ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம். கூட்டெருவும் நன்கு உக்கிய மாட்டெருவும் இடலாம். பாத்தியின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளால் மூடுபடை இட்டால் கிணற்று நீரின் தேவை குறையும், களையும் குறையும். வாழை, தென்னை ஆகியவற்றின் பகுதி நிழலில் ஊடுபயிராகவும் வளர்க்கலாம். காணி இல்லாதவர்கள் உரப்பையில் மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்பி நடலாம். நடுவதற்குரிய காலத்தையும் இனத்தையும் உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

அறுவடை: இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து சாயும்போது கிழங்கு முற்றியுள்ளது என அறியலாம். மஞ்சளுக்கு 7 முதல் 9 மாதங்களும் இஞ்சிக்கு 8 முதல் 10 மாதங்களும் செல்லும்.

பதப்படுத்தல்: மஞ்சளைக் கழுவி, நீரில் மென்மையாகும் வரை அவித்து, வெயிலில் நன்கு உலர்த்தி, மேற்றோல் போகத் தேய்ப்பர். அவிப்பதால் அரும்புகள் இறக்கின்றன. நிறம் சீராகப் பரவுகின்றது. உலரும் நேரமும் குறைகின்றது. 100 கிலோகிராம் பச்சை மஞ்சளிலிருந்து ஏறத்தாழ 20 கிலோகிராம் உலர்ந்த மஞ்சளே கிடைக்கும். விலையைக் கணக்கிடும் வினாக்களில் இதனை மறவாதீர்கள்.

7. மஞ்சளும் இரசாயனமும்

வெள்ளைச் சீருடையில் கறி பட்டுவிட்டது. சவர்க்காரம் போட்டதும் மஞ்சட்கறை சிவக்கிறது. ஏன்? குர்குமின் ஓர் இயற்கைக் காட்டி. அமில, நடுநிலை ஊடகங்களில் அது மஞ்சளாகவும் மூல ஊடகத்தில் செங்கபிலமாகவும் இருக்கும். சவர்க்காரக் கரைசல் மூல இயல்புடையது.

செய்கை 2: மஞ்சள் தூளை நீரில் கரைத்து வடிதாளில் பூசி உலர்த்துக. அதன்மேல் வெவ்வேறு இடங்களில் தேசிக்காய்ச் சாறு, சவர்க்கார நீர், தெளிந்த சுண்ணாம்பு நீர் என்பவற்றில் ஒவ்வொரு துளி இடுக. அவதானத்தை அட்டவணைப்படுத்துக. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் மரபும் இதே தாக்கத்தை அடிப்படையாகக் கொண்டதே.

குர்குமின் ஒளியில் சிதைவடையும். ஆகவே கழுவிய சீருடையை நல்ல வெயிலில் காயவிட்டால் கறை மங்கும். மஞ்சள் தூளை ஒளி புகாத, மூடிய கொள்கலனில் வைக்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

8. கலப்படம்: 2020 கற்பித்த பாடம்

2020 ஆம் ஆண்டில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது விலை பல மடங்கு உயர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பாக்குநீரிணை வழியாகக் கடத்தப்பட்ட மஞ்சள் மூடைகள் கடலிலும் கரையிலும் பிடிபட்டன. கடைகளில் மாவும் சாயமும் கலந்த தூள் விற்கப்பட்டமையும் கண்டறியப்பட்டது. பலர் வீட்டு முற்றத்தில் மஞ்சள் நடத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

இங்கு சிந்தனைக்குரிய வினா ஒன்று. மஞ்சள் தூளில் அரிசிமா கலந்துள்ளதா என அயடீன் சோதனையால் அறியலாமா? "அறியலாம், கருநீலமாக மாறும்" எனப் பலர் எழுதுவர். அது தவறு. மஞ்சள் உணவைச் சேமித்த தண்டு. அதிலேயே மாப்பொருள் உண்டு. தூய மஞ்சளும் அயடீனுடன் கருநீலத்தையே தரும். எனவே இச்சோதனை கலப்படத்தைக் காட்டாது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் மாமணிகளைப் பார்த்தே வேறுபடுத்தலாம்.

மாவை விட ஆபத்தானது ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சள் நிற இரசாயனம். வங்காளதேசத்தில் மங்கிய மஞ்சட் கிழங்கைப் பளபளப்பாக்க இது பூசப்பட்டமையை 2019 இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அங்கு அரசு எடுத்த நடவடிக்கையினால், சந்தை மாதிரிகளில் ஈயம் காணப்பட்ட வீதம் 2019 இல் 47 ஆக இருந்து 2021 இல் பூச்சியமாகியது. அளவுக்கு மிஞ்சிய பளபளப்பு நல்ல மஞ்சளின் அடையாளமன்று. வீட்டில் விளைந்த மஞ்சளை வீட்டிலேயே அவித்து இடிப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

9. எச்சரிக்கை

எமது வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகை மாதத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கார்த்திகைப்பூச் செடிக்கும் நிலக்கீழ்க் கிழங்கு உண்டு. அது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அக்கிழங்கில் கொல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அதனை வற்றாளங்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவர்கள் இலங்கையில் இறந்துள்ளனர். அழகான பூவும் பருத்த கிழங்கும் உண்ணத்தக்கது என்பதற்குச் சான்றல்ல. பெயர் உறுதியாகத் தெரியாத கிழங்கை ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள். தம்பி தங்கையருக்கும் சொல்லி வையுங்கள்.

10. மாதிரி வினாக்கள்

(1) பின்வருவனவற்றுள் பயன்படும் பகுதி வேர்த்தண்டுக்கிழங்கு அல்லாதது எது?
1. இஞ்சி 2. அரத்தை 3. ஏலம் 4. மஞ்சள்

(2) செவ்விஞ்சியின் சிவந்த பகுதி
1. அல்லியிதழ் 2. புல்லியிதழ் 3. பூவடியிலை 4. சூலகம்

(3) இஞ்சி தண்டு என்பதற்கு இரு சான்றுகள் தருக.

(4) ஒரு விவசாயி அயலவரின் தோட்டத்தில் அழுகல் நோய் கண்ட இஞ்சியில் நல்லதாகத் தோன்றிய துண்டுகளை வாங்கி நட்டார். இது சரியா? காரணம் கூறுக.

(5) மஞ்சள் தூளில் மா கலப்படத்தை அயடீன் சோதனை காட்டாது. விளக்குக.

விடைகள்

(1) 3. (2) 3.
(3) கணுக்களும் கணுவிடைகளும் இருத்தல். செதிலிலைகளின் கக்கங்களில் அரும்புகள் இருத்தல்.
(4) சரியன்று. பதியமுறை இனப்பெருக்கத்தில் நோயாக்கிகள் நடுகைப் பொருளுடன் புதிய பயிருக்குக் கடத்தப்படும். வெளித்தோற்றத்தில் நல்லதாயினும் துண்டினுள் நோயாக்கி இருக்கலாம்.
(5) மஞ்சள் ஒரு சேமிப்புத் தண்டு. அதில் இயற்கையாகவே மாப்பொருள் இருப்பதால் தூய மஞ்சளும் அயடீனுடன் கருநீலமாகும்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் வினாக்களின் விடைகளை மீண்டும் பாருங்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: இஞ்சியும் மஞ்சளும் தண்டுகள். தண்டாதலால் கணு உண்டு. கணுவில் அரும்பு உண்டு. அரும்புக்கு உணவாக மாப்பொருள் உண்டு. அடுத்த முறை அம்மம்மா வேர்க்கொம்பு தட்டும்போது அதனை வாங்கி ஒருமுறை கணுக்களை எண்ணிப் பாருங்கள். அதன்பின் இந்த வினா உங்களுக்கு என்றும் தவறாது.